ஒதுக்கிய நூலகமே விடுவிக்க வேண்டும்: சி மொழியில் தமிழ்ச் சரங்களும் நினைவகப் பொறுப்பும்

விழுப்புரம், திண்டிவனம் இரண்டும் ஆறெழுத்துப் பெயர்கள். யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் முன்னது 33 பைட், பின்னது 30 பைட். இக்குறியாக்கத்தில் தமிழ் எழுத்துக் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் கொள்வதும், ஒருங்குறியில் உயிர்க்குறியும் புள்ளியும் தனிக் குறியீடுகளாக நிற்பதுமே காரணம். சரத்தை முடிக்கும் சுழிய பைட்டையும் சேர்த்தால் 34, 31.

இவ்விரு ஊர்களிலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புப் பொறியியல் கல்லூரிகள் உள்ளன. 2021 பாடத்திட்டப்படி கணினி அறிவியல் மாணவர்கள் முதல் பருவத்தில் பைத்தானையும் இரண்டாம் பருவத்தில் சி மொழியையும் படித்தார்கள். குறியீடுகளை எண்ணும் பைத்தானின் 'லென்' விழுப்புரத்துக்கு 11 என்று விடை தரும். அதை நம்பி, நினைவகம் ஒதுக்கும் 'மால்லாக்'கிடம் 12 பைட் கேட்பவருக்கு என்ன நேரும்? 64 பிட் லினக்ஸின் ஜிலிப்சி நூலகம் 24 பைட் பயன்படும் துண்டைத் தரும். அதில் 34 பைட்டை எழுதினால் மிச்சம் அடுத்த துண்டின் அளவுக் குறிப்பை அழித்துவிடும். ஆனால் நிரல் அந்த வரியிலேயே நிற்காது. பிறகு எங்கோ 'மால்லாக்'கோ 'ஃப்ரீ'யோ அழைக்கப்படும்போதுதான் முறிந்து விழும். திண்டிவனத்துக்கான 31 பைட்டையே கேட்டிருந்தால் இன்னும் மோசம்: கிடைப்பது 40 என்பதால் பிழை வெளியே தெரியவே தெரியாது. ஆய்வகப் பயிற்சிகளை அட்ரஸ் சானிடைசருடன் தொகுக்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான். வரம்பு மீறிய வரியையே அது காட்டிக்கொடுக்கும்.

நூலகம் எழுதுவோருக்குச் சிக்கல் இதைவிடப் பெரியது. கோலியனூர் என்ற பெயரில் 'கோ'வின் உயிர்க்குறி ஒரே குறியீடாகவும் இருக்கலாம், இரண்டாகப் பிரிந்தும் இருக்கலாம். திரையில் வேறுபாடு தெரியாது. அளவோ 27 பைட்டிலிருந்து 30 ஆகிவிடும். இவ்விரு வடிவங்களையும் ஒன்றாக்கி இயல்பாக்கம் செய்யும் செயற்கூறின் வெளியீடு எத்தனை பைட் என்பதை அழைக்கும் நிரல் முன்கூட்டி அறிய வழியில்லை. எனவே அளவைக் கணக்கிடும் நூலகமே இடத்தையும் ஒதுக்க வேண்டும் என்பது என் வாதம்.

ஒதுக்கினால் மட்டும் போதாது, விடுவிக்கும் செயற்கூறையும் அதுவே தர வேண்டும். எஸ்க்யூலைட் தான் ஒதுக்கிய பிழைச்செய்தியை விடுவிக்கத் தனிச் செயற்கூறு வைத்திருக்கிறது. 'ஃப்ரீயை அழையுங்கள்' என்று ஆவணத்தில் ஒரு வரி எழுதிவிட்டு ஒதுங்குவது பொறுப்பாகாது. விண்டோஸில் நூலகமும் நிரலும் வெவ்வேறு சி இயக்கநேர நூலகங்களோடு இணைந்திருக்கலாம். ஒன்றன் நினைவகக் குவியலில் பெற்றதை மற்றொன்றின் 'ஃப்ரீ'யிடம் கொடுத்தால் குவியலே சிதையலாம். நாளை நூலகம் தன் ஒதுக்கு முறையை மாற்றிக்கொண்டாலும், தனிச் செயற்கூறு இருந்தால் அழைப்பவர் நிரலைத் தொட வேண்டியிருக்காது.

நினைவகம் சுருங்கிய சிறு கருவிகளில் அழைப்பவரே இடம் தருவதுதான் பொருத்தம் என்ற மறுப்பை ஏற்கிறேன். அங்கும் சி99-இன் 'எஸ்என்பிரிண்ட்எஃப்' போல, தேவையான பைட் எண்ணிக்கையை நூலகம் சொல்லியாக வேண்டும். தந்த இடம் போதாவிட்டால் தமிழ்ச் சரத்தை எழுத்தின் நடுவே வெட்டாமல், பிழை என்று திருப்பி அனுப்ப வேண்டும்.