தோழியும் தாதியும்: இளமகளிர் நட்பும் புனைகதையும் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

திருக்குறளில் நட்பைப் பற்றிய ஐந்து அதிகாரங்கள் தொடர்ந்து வருகின்றன. நட்பு, நட்பாராய்தல், பழைமை, தீ நட்பு, கூடா நட்பு எனும் இவ்வைந்தும் (79 முதல் 83 வரை) பொருட்பாலில் அமைந்தவை. அறத்துப்பாலிலோ காமத்துப்பாலிலோ நட்புக்கென ஓர் அதிகாரம் இல்லை. அரசு, அமைச்சு, படை, பகை ஆகியவற்றோடு சேர்த்தெண்ணப்பட்ட ஆடவர் விவகாரமாகவே நட்பு அங்கு கொள்ளப்பட்டது என்பது இவ்வைப்பு முறையினாற் பெறப்படும். பெண்ணுக்கும் தோழி உண்டு. ஆனால் அவள் காமத்துப்பாலில், பெரும்பாலும் தலைவியின் துயருக்குச் செவியாக நிற்பவள். அத்தோழியே தீயவளாயின் தலைவி என் செய்வாள், அல்லது தலைவியே தோழிக்குத் தீயவளாயின் அவள் எங்குச் செல்வாள் என்ற வினா நமது பழைய இலக்கியக் கொள்கையில் எழவேயில்லை.

இவ்வினா இன்று வேறொரு திசையிலிருந்து நம்மை வந்தடைந்துள்ளது. பதின்பருவப் பெண்களிடையே நிலவும் 'நச்சு நட்பு' ஆங்கில இளையோர் புனைகதையின் நிலையான கருப்பொருள்களுள் ஒன்றாகிவிட்டது. 1995இல் அமெரிக்க உளவியலாளரான நிக்கி கிரிக்கும் ஜெனிபர் குரோட்பீட்டரும் கைகலப்பின்றி, உறவையே கருவியாக்கித் தாக்கும் நடத்தையை ஆராய்ந்து வெளியிட்டனர். கூட்டத்திலிருந்து விலக்கிவைத்தல், வதந்தி பரப்பல், நட்பை முறிப்பதாக அச்சுறுத்தல் முதலியன அதனுள் அடங்கும். 2002இல் ரேச்சல் சிம்மன்சும் ரோசலின்ட் வைஸ்மனும் இப்பொருள் பற்றிப் பொதுவாசகருக்கெழுதிய நூல்கள் வெளிவந்தன. வைஸ்மனின் நூலைத் தழுவி 2004இல் எடுக்கப்பட்ட திரைப்படம் உலகெங்கும் ஓடியது. அதன்பின் 'பெண்பிள்ளைகள் இப்படித்தான்' என்பது ஏறக்குறைய ஓர் இயற்கை விதியாகவே பேசப்படலாயிற்று. ஆய்வாளர் அவ்வாறு கூறினர் என்பது என் குற்றச்சாட்டன்று. சந்தை அவர்களை அவ்வாறு வாசித்தது. அடிப்படையிற் சமூக ஏற்றத்தாழ்வாக உள்ள ஒன்றைப் பெண்ணின் குணமாக மாற்றிக் காட்டும் இவ்வாசிப்பை வரலாற்று நோக்கில் மறுப்பதே இக்கட்டுரையின் எண்ணம்.

முதலில் தோழியை நோக்குவோம். சங்க அகப்பாடல்களில் மிகுதியாகப் பேசும் பாத்திரங்களுள் அவள் ஒருத்தி. தலைவியினும் கூர்மையானவள், துணிந்து பொய் சொல்லக்கூடியவள், தலைவனை வாயிலில் நிறுத்தி வாதிடுபவள். இத்துணை அறிவும் எவ்வுறவிலிருந்து வருகின்றது? தொல்காப்பியம் அவளைச் செவிலியின் மகள் என வரையறுக்கின்றது. அதாவது, தலைவிக்குப் பாலூட்டி வளர்த்த பெண் ஒருத்தியின் மகள். தாய் உடலால் ஆற்றிய பணியை மகள் சொல்லால் தொடர்கின்றாள். தோழிக்கென ஒரு காதலன், ஒரு களவு, ஒரு பிரிவு அகமரபிற் பாடப்படுவதில்லை. அவள் காதலித்தால் அது வேறு திணையாகிவிடும் போலும்! அடியோரும் வினைவலரும் அன்பின் ஐந்திணைக்குத் தலைமக்களாகார் என ஒதுக்கப்பட்டமையை இதனுடன் இணைத்து நோக்குக. உழைப்புறவு அன்புறவின் மொழியிற் பேசப்படுவதே தோழி என்ற மரபு. நட்பு என்ற சொல் அங்குப் பொய்யன்று. அது மறைப்பது பெரிது.

மறைக்கப்பட்டதை வெளிப்படையாகப் பேசும் கதையொன்று நமது பொதுச் சேமிப்பில் உண்டு. பாரதத்தின் ஆதிபருவத்தில் வரும் தேவயானி, சர்மிஷ்டை கதை அது. தேவயானி அசுரர்களின் குருவாகிய சுக்கிரரின் மகள். சர்மிஷ்டை அசுர வேந்தன் விருஷபர்வனின் மகள். இருவரும் ஏனைய பெண்களுடன் நீராடச் செல்கின்றனர். கரையில் வைத்த ஆடைகள் காற்றிற் கலந்துவிடுகின்றன. சர்மிஷ்டை தவறுதலாகத் தேவயானியின் ஆடையை உடுத்துகின்றாள். குருவின் மகளது உடையை அணிய மாணவ குலத்தாளுக்கு என்ன தகுதி என்று ஒருத்தி கேட்க, என் தந்தையைப் புகழ்ந்து பாடி அவர் இடுவதை ஏந்துபவர் உன் தந்தை என்று மற்றவள் மறுமொழி தருகின்றாள். பின்னர் தேவயானி கிணற்றில் தள்ளப்படுகின்றாள். யயாதி அவளைக் கரையேற்றுகின்றான்.

இச்சண்டையில் எவ்விடத்திலும் இப்பெண்களின் குணம் பேசப்படவில்லை. பேசப்படுவது தந்தையரின் பதவி. யார் யாருடைய உணவை உண்கின்றார் என்பது. ஆடை கலந்த கணத்தில், அதுவரை விளையாட்டால் மூடப்பட்டிருந்த படிநிலை வெளியே வருகின்றது. அதன்பின் வருவது இன்னும் கூர்மையானது. தன் தோழி தனக்குத் தாதியாக வேண்டும், ஆயிரம் பெண்களோடு வரவேண்டும் என்று தேவயானி கேட்கின்றாள். வேந்தனால் மறுக்க முடியாது. போரில் இறந்த அசுரரை உயிர்ப்பிக்கும் சஞ்சீவினி வித்தை சுக்கிரரிடமே உள்ளது. அவர் நாட்டை நீங்கினால் அசுர அரசு அழியும். அறிவைத் தனியுடைமையாகக் கொண்ட வகுப்பிடம் படைபலம் கொண்ட வகுப்பு பணியும் இக்காட்சியில் பணிபவள் ஒரு சிறுபெண். தன் சுற்றத்தின் நலன்கருதிச் சர்மிஷ்டை தானாகவே முன்வந்து ஏற்கின்றாள். அவளோடு அனுப்பப்பட்ட ஆயிரம் பெண்களின் விருப்பத்தை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

தேவயானி யயாதியை மணக்கின்றாள். சர்மிஷ்டையும் இரகசியமாக அவனை அடைகின்றாள். முன்னவளுக்கு இரு மைந்தர், பின்னவளுக்கு மூவர். இறுதியில் அரசு சர்மிஷ்டையின் மகன் பூருவுக்குச் செல்கின்றது. தோழியர் கதை சக்களத்தியர் கதையாக மாற்றப்பட்டுவிட்டது. 1959இல் வெளிவந்த காண்டேகரின் 'யயாதி' நாவல் இவ்விரு பெண்களையும் தத்தம் கதையைத் தாமே சொல்லவைத்தது. எனினும் நூலின் பெயர் யயாதியாகவே இருந்தது என்பது கருதத்தக்கது. பெண்ணுக்கும் பெண்ணுக்கும் இடையிலான முறிவு, ஆணொருவனின் வரலாற்றில் ஒரு நிகழ்ச்சியாகவே எஞ்சுகின்றது.

குடும்பத்துக்கு வெளியே ஒத்த வயதுப் பெண்கள் நாள்தோறும் கூடும் இடமொன்று உருவாகும் வரை இந்நிலை மாற வழியிருக்கவில்லை. அவ்விடம் பாடசாலை. ஆங்கில இலக்கியத்தில் மகளிர் விடுதிப் பாடசாலைக் கதை தனியொரு வகையாகவே வளர்ந்தது. எனிட் பிளைட்டன் 1946 முதல் 1951 வரை எழுதிய மலோரி டவர்ஸ் வரிசை கொழும்பின் ஆங்கிலம் கற்ற வீடுகளிற் பல தலைமுறையாக வாசிக்கப்பட்டது. அதில் வரும் குவென்டலின் மேரி, செல்வமும் பட்டமும் உடைய புதிய மாணவியர் வரும்போதெல்லாம் அவர்களோடு ஒட்டிக்கொள்பவள். அதற்காகக் கேலிக்கும் தண்டனைக்கும் உள்ளாபவள். அவளது குறை செல்லம் கொடுத்து வளர்க்கப்பட்டமையே என ஆசிரியை காட்டுகின்றார். பணம் செலுத்திப் பயிலும் அப்பாடசாலையே செல்வத்துக்கும் பட்டத்துக்கும் மதிப்பளிப்பதன்றோ என்ற எண்ணம் கதைக்குள் நுழைவதில்லை. அமைப்பு கற்றுக்கொடுத்த பாடத்தை மிக நன்றாகக் கற்ற மாணவிக்கே அங்கே தண்டனை கிடைக்கின்றது.

கொழும்பில் இப்பாடம் வேறு விதமாகக் கற்பிக்கப்பட்டது. வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் நகரின் இரு தமிழ் முகங்கள். காலி வீதியை ஒட்டிய முன்னதில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அரசாங்க உத்தியோகத்தர் குடும்பங்கள் நிலைகொண்டன. சைவ மங்கையர் கழகம் போன்ற நிறுவனங்களும், 1942இல் தோன்றிய கொழும்புத் தமிழ்ச் சங்கமும் அம்மத்தியதர வர்க்கத்தின் பண்பாட்டுத் தேவைகளோடு தொடர்புடையவை. துறைமுகத்தை அண்டிய பின்னதில் வணிகர், கத்தோலிக்கர், துறைமுகத் தொழிலாளர், இந்திய வம்சாவளியினர் நெருங்கி வாழ்ந்தனர். அவ்வம்சாவளியினருட் பெரும்பான்மையோர் 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டனர். 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி இவ்விரு முகங்களின் பெண்பிள்ளைகளையும் ஒரே வாங்கில் அமர்த்தும் வாய்ப்பை உண்டாக்கியது. இது பெரும் முன்னேற்றம், ஐயமில்லை. ஆனால் வாங்கு ஒன்றானதால் வீடு ஒன்றாகிவிடவில்லை. 'பிள்ளைக்கு எந்த ஊர்?' என்ற அன்பான வினா நமது வீட்டு விறாந்தைகளில் இன்றும் கேட்கின்றது. ஊரின் பெயரிலிருந்து குறிச்சி, குறிச்சியிலிருந்து சாதி. வினவுபவர் புன்னகையோடுதான் வினவுவார்.

இவ்வுலகைப் புனைகதையில் நெருங்கித் தொட்டது, ஆங்கிலத்தில் எழுதப்பட்ட சியாம் செல்வதுரையின் 'ஃபனி போய்' (1994) நூலின் முதற்பகுதியாகும். மாதத்தில் ஒரு ஞாயிறன்று பாட்டன் பாட்டி வீட்டிற் கூடும் பிள்ளைகளுள், வீட்டின் பின்புறம் பெண்பிள்ளைகளின் ஆட்சி. அங்கு ஆடப்படும் 'மணப்பெண்' விளையாட்டில் மணப்பெண்ணே தலைமைப் பாத்திரம். மாப்பிள்ளை மிகத் தாழ்ந்தது. சிறுவன் அர்ஜி மணப்பெண்ணாகின்றான். வெளிநாட்டிலிருந்து திரும்பிவந்த தனுஜாவுக்குக் கிடைப்பதோ மாப்பிள்ளை வேடம். அவள் தலைமைக்கு உரிமை கோருகின்றாள், மறுக்கப்படுகின்றாள், இறுதியில் பெரியவர்களின் சட்டத்தைத் துணைக்கழைக்கின்றாள். ஓர் ஆண்பிள்ளை சேலை உடுத்தலாமா என்பதே அச்சட்டம். அர்ஜி அவ்வுலகிலிருந்து வெளியேற்றப்படுகின்றான்.

இக்கதை பாலியல் அடையாளம் பற்றியதாகவே பெரிதும் விளக்கப்பட்டுள்ளது, அது சரியே. ஆயினும் தனுஜாவின் பக்கத்திலிருந்தும் ஒருமுறை வாசித்தல் வேண்டும். பருமனைச் சுட்டும் ஏளனப் பெயரொன்று கதை முழுவதும் அவள்மேல் ஒட்டிக்கொண்டிருக்கின்றது. குழுவுக்குப் புதியவள், இடம் இல்லாதவள். தனக்குரிய இடத்தைப் பெற அவளுக்குக் கிடைத்த ஒரே ஆயுதம் குடும்பத்தின் அதிகாரம். அதை அவள் எடுத்தாள். கொடுமையை அவள் கண்டுபிடிக்கவில்லை. சமையலறையிலும் வரவேற்பறையிலும் ஆயத்தமாக இருந்த ஒன்றைக் கொண்டுவந்து முற்றத்தில் வைத்தாள். இந்நூல் 1983 யூலை வன்செயலோடு முடிவது தற்செயலன்று. விலக்கிவைத்தலின் இலக்கணம் முற்றத்திலும் தெருவிலும் ஒன்றே எனச் சொல்லுமளவுக்கு நான் செல்லமாட்டேன்; ஒன்று மற்றொன்றுக்குப் பயிற்சியாகலாம் என்பதை மறுக்கவும் இயலவில்லை. இதே ஆசிரியர் இளையோருக்கென எழுதி 2005இல் வெளிவந்த நாவல் 1980இன் கொழும்பையும், நட்பிற் புகும் பொறாமையையும் களமாகக் கொண்டது. அங்கும் மையத்தில் நிற்பவன் பதினான்கு வயதுச் சிறுவன்.

தமிழில் என்ன உண்டு? இவ்விடத்தில் நாம் நம்மையே குறைகூறிக்கொள்ள வேண்டும். 1970களில் இந்திய சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது, வீரகேசரிப் பிரசுரங்கள் போன்றவை வழியாக ஈழத்து நாவல் பரந்த வாசகரைப் பெற்றது. முற்போக்கு எழுத்தாளர் தொழிற்சாலையையும் வயலையும் தோட்டத்தையும் ஆலய வாசலையும் எழுதினர். கே. டானியலின் 'பஞ்சமர்' (1972) சாதியின் கொடுமையைப் பெருங்களத்தில் வைத்துக் காட்டியது. ஆனால் அதே சாதி பதின்மூன்று வயதுப் பெண்ணொருத்தியின் உணவுப் பெட்டியைச் சுற்றி எவ்வாறு இயங்கும் என்பதை எழுதத்தக்க பொருளாக நமது விமரிசனம் மதிக்கவில்லை. 'குட்டிமுதலாளித்துவ உணர்ச்சிக் கதை' என்ற முத்திரை தயாராக இருந்தது. 1986இல் வெளிவந்த 'சொல்லாத சேதிகள்' தொகுப்பு பெண் கவிஞரின் குரலை ஒருங்கே முன்வைத்துப் பெரும் பணி செய்தது. ஆணாதிக்கத்துக்கு எதிராகப் பெண்ணும் பெண்ணும் சேர்ந்து நிற்கும் தேவை அன்று முதன்மை பெற்றது இயல்பே; பெண்ணுக்கும் பெண்ணுக்கும் இடையிலிருந்த வர்க்க, சாதி இடைவெளி பின்னுக்குத் தள்ளப்பட்டமையும் அதனாலேயே. சிறுமியோ, அம்புலிமாமாவிலிருந்து நேரே காதல் தொடர்கதைக்குத் தாவினாள். இடைப்பட்ட ஆறேழு ஆண்டுகளுக்கு அவளிடம் நூல் இல்லை. அவ்வாண்டுகளில் அவளுக்கு நேர்ந்தவற்றுக்குப் பெயரும் இல்லை.

ஆய்வுக் கட்டுரையில் தன்னிலை கூறல் ஒவ்வாது என்பர். இங்கு அதனைத் தவிர்ப்பது நேர்மையாகாது. நான் வெள்ளவத்தையில் வளர்ந்தவள். நகரின் மகளிர் பாடசாலையொன்றில் ஆறாம் வகுப்பில் என்னருகே அமர்ந்தவள் கொட்டாஞ்சேனைப் பிள்ளை. தந்தைக்குத் துறைமுகத்தில் வேலை. பாட்டன் பாட்டி தோட்டத்திலிருந்து வந்தவர்கள். ஆங்கில மொழிமூல வகுப்புகள் 2000களின் தொடக்கத்தில் மீளத் தொடங்கியபோது என்னை அதிற் சேர்த்தனர். அவள் தமிழ் மொழிமூலத்திலேயே நின்றாள். அதன்பின்னரும் நாங்கள் நண்பிகளே. இடைவேளையிற் சிற்றுண்டிச்சாலை வரிசையில் எனக்காகவும் அவளே நின்றாள். என் தமிழ்க் குறிப்புகளை அவளே அழகாகப் பிரதி செய்து தந்தாள். என் புதிய வகுப்பினர் அவளது பேச்சுவழக்கைப் பின்பற்றிக் காட்டிச் சிரித்தபோது நானும் சிரித்தேன். நன்றாகவே பின்பற்றிக் காட்டினேன், ஏனெனில் அதனை அருகிலிருந்து கேட்டவள் நான் ஒருத்தியே. ஒருமுறை வீட்டுக்கு வந்தவளிடம் என் அம்மம்மா ஊரைக் கேட்டார். அடுத்த வாரம் 'இனி எங்கட வீட்டை வராதை' என்று நானே சொன்னேன். எவரும் எனக்கு அதனைச் சொல்லித் தரவில்லை.

பல்கலைக்கழகத்தில் தொல்காப்பியம் கற்றபோது, செவிலி மகள் என்ற வரையறையை விரிவுரையாளர் விளக்கிக்கொண்டிருந்த வேளையில் எனக்கு அவளது கையெழுத்து நினைவுக்கு வந்தது. க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கு முன் எல்லோரும் ஆட்டோகிராப் ஏடுகளைக் கைமாற்றிக்கொண்டோம். மற்றவர்கள் பக்கம் பக்கமாக எழுதினார்கள். அவள் தன் பெயரையும் வகுப்பையும் மட்டும் எழுதித் தந்தாள்: 11, தமிழ் மொழிமூலம்.