நம் கோவிலின் குரல்

யூபிலி மலர் என்றால் அடிக்கல் நாட்டிய நாளும், கோபுரம் எழுந்த கதையும், பணியாற்றிய குருக்களின் வரிசையும், நன்கொடையாளர் பட்டியலும் இடம்பெறுவது மரபு. அவற்றையெல்லாம் இம்மலரின் பிற பக்கங்களில் காண்பீர்கள். நாம் இங்கே எழுதப் புகுந்தது, சக்கிறீஸ்து அறையின் மூலையில் ஒருவரும் போற்றாமல் கிடந்து, பழுதானால் மட்டும் எல்லோராலும் நினைக்கப்படும் ஒரு பெட்டியைப் பற்றி. அதுதான் ஆம்பிளிபையர். சென்ற ஆண்டு அதன் பொருட்டு நம் பங்கில் எழுந்த வாக்குவாதம் அடிக்கல்லின் பொருட்டுக்கூட எழுந்திராது என்பதால், அதற்கும் ஒரு வரலாறு எழுதி வைப்பது தகும் என எண்ணினோம்.

1930-இல் கொல்லத்திலிருந்து பிரிந்து கோட்டாறு மறைமாவட்டம் உருவானபோது நம் கடற்கரை ஊர்களை மின்சாரம் எட்டிப்பார்க்கவில்லை. குருவானவரின் தொண்டையே அன்று ஒலிபெருக்கி. பழைய கோவில்களில் பிரசங்க மேடை பீடத்தருகே இராமல் மக்கள் நடுவே உயர்ந்து நின்றதும், அதன் தலைக்குமேல் பலகைக் கூரை கவிழ்ந்திருந்ததும் அழகுக்காக மட்டுமல்ல. மேலே போகும் குரலைத் தடுத்துக் கீழே மக்களிடம் திருப்பியனுப்பும் உபாயம் அது. வெளியுலகில் இதற்குள் கருவி வந்துவிட்டது. 1919 செப்டம்பரில் அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் குடியரசுத் தலைவர் வில்சன் ஏறத்தாழ ஐம்பதாயிரம் பேர் முன்னிலையில் ஒலிபெருக்கி வழியாகப் பேசினார். 1931 பிப்ரவரி 12-இல் மார்க்கோனி அமைத்துக் கொடுத்த வத்திக்கான் வானொலியில் பதினோராம் பத்திநாதர் உலகுக்கு உரையாற்றினார். ஆயினும் நம் பூசை அன்று இலத்தீனில், குரு பீடத்தை நோக்கி நின்று தாழ்ந்த குரலில் சொல்லுவது. மக்கள் செபமாலை உருட்டிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு சொல்லும் கடைசி வரிசைக்குக் கேட்டாக வேண்டும் என்ற தேவை எழவில்லை.

அத்தேவையை உண்டாக்கியது இரண்டாம் வத்திக்கான் சங்கம். 1963 டிசம்பர் 4-இல் திருவழிபாடு பற்றிய ஏடு வெளியாயிற்று. அடுத்த சில ஆண்டுகளில் குரு மக்கள் பக்கம் திரும்பினார், தமிழில் பேசினார். பேசினால் கேட்க வேண்டுமே! பீடத்தில் மைக் வந்து நின்றது. திருவழிபாட்டு மாற்றத்தைப் பற்றி எத்தனையோ எழுதியிருக்கிறார்கள். மைக்செட்டைப் பற்றி அதிகம் எழுதியதாகத் தெரியவில்லை.

நாம் சிறுவராயிருந்த எழுபதுகளில் குழாய்தான் அரசன். மலையாளத்தில் அதைக் கோளாம்பி என்பர். எச்சில் துப்பும் படிக்கத்தின் வடிவம் என்பதால் அப்பெயர். 1940-இல் தொடங்கப்பெற்ற அகுஜா நிறுவனத்தின் பெயர் பொறித்த ஆம்பிளிபையரும், கோபுரத்தில் திசைக்கொன்றாகக் கட்டிய குழாயும் ஊருக்கு ஊர் உண்டு. காலைப் பாட்டும், மரண அறிவிப்பும், காணாமற்போன ஆட்டுக்குட்டியும், கரை திரும்பாத வள்ளமும் எல்லாம் அதில்தான். விடியற்காலைக் கரைக்காற்றில் அந்தக் குரல் கடலுக்குள் நெடுந்தொலைவு போகும். டிரம்மை அடித்தால் தகரம் தட்டியது போலிருக்கும். ஆனால் மனிதக் குரலைச் சிந்தாமல் கொண்டுசேர்க்கும்.

சென்ற தவக்காலத்திற்கு முன் வளைகுடா நாடுகளில் உழைக்கும் நம் பங்கு இளைஞர்கள் கோவிலுக்குள் வைக்க நான்கு புதிய பெட்டி ஸ்பீக்கர்களை வாங்கித் தந்தார்கள். ஒவ்வொன்றும் 8 ஓம், 300 வாட். கடையில் கேட்டபோது தேன் சொட்டியதாம். இங்கே கொண்டுவந்து, நான்கு குழாய்களை ஓட்டிவந்த 120 வாட் ஆம்பிளிபையரில் இணைத்தோம். கேட்டது முணுமுணுப்பு. "பாதர், திருகிக் கூட்டுங்க" என்றார்கள்; கூட்டினோம். பாஸ்கா இரவில், மெழுகுதிரிகள் ஏற்றி எல்லோரும் புகழுரைக்குக் காத்து நின்ற வேளையில், கரகரத்துப் பின் இரண்டு பெட்டிகளின் ட்வீட்டர் அடங்கிவிட்டது. எண்பது வயது கடந்த ஒரு அம்மா மறுநாள் நம்மிடம், "சாமி, பழைய குழாயில எல்லாம் வெளங்கிச்சு, இப்பம் வாய் அசையுதுதான் தெரியுது" என்றார். தரம் குறைந்த பெட்டி என்று சிலர் தந்தவர்களைக் குறைகூறத் தொடங்கியதுதான் நம்மை மிகவும் வருத்தியது.

குற்றம் பெட்டியிலும் இல்லை, பழைய ஆம்பிளிபையரிலும் இல்லை. பொருந்தாத இரண்டைப் பிணைத்த நம்மிடமே. குருமடத்தில் தத்துவம் படித்த நமக்கு மின்னியல் தெரியாது. பிறகு விசாரித்து அறிந்ததை எழுதுகிறோம். ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தொலைவில் அளந்தால் நல்ல குழாய் 105 டெசிபல் அளவுக்கு ஒலிக்கும். பெட்டியோ 90 டெசிபலைச் சுற்றி நிற்கும். மூன்று டெசிபல் உயர இருமடங்கு மின்திறன் வேண்டும். பதினைந்து டெசிபல் வேறுபாடென்றால் ஐந்து முறை இரட்டிக்க வேண்டும், முப்பத்திரண்டு மடங்கு! குழாய் கூழ் குடித்துக் கடலுக்குப் போகிறவன். பெட்டிக்கு விருந்து வைக்க வேண்டும்.

அடுத்தது ஓம் கணக்கு. 8 ஓம் பெட்டி நான்கையும் ஒரே கம்பியில் பக்கம்பக்கமாகக் கோத்தால் மொத்தம் 2 ஓம் ஆகிறது. பழைய ஆம்பிளிபையரின் பின்புறத்தில் 4 ஓமுக்குக் கீழே முனையே இல்லை. அதன் தாங்கும் எல்லைக்கு அப்பால் மின்னோட்டத்தை இழுத்தோம், அது சுட்டது. பேச்சின் சராசரித் திறனைவிட அதன் உச்சங்கள் பத்து மடங்குக்கும் மேல் எழும். அவ்வுச்சங்களுக்குத் திறன் போதாதபோது, தென்னையின் கொண்டையை வெட்டியது போல ஒலியலையின் தலை தட்டையாகிவிடும். வெட்டுண்ட அலையில் கீச்சு ஒலி பெருகும். அந்தச் சூடு முழுவதும் ட்வீட்டரின் மெல்லிய கம்பியில் இறங்கும். சிறிய ஆம்பிளிபையர் பெரிய பெட்டியைக் கெடுக்காது என்று நாமும் நம்பியிருந்தோம். திருகித் திருகிக் கெடுத்தது அதுவே.

புது ஆம்பிளிபையர் வாங்க வேண்டும் என்றபோது பங்குப் பேரவை இரண்டாகப் பிரிந்தது. கெபிக்கு ஓடு பதிக்கும் பணம் இதற்கா என்றனர் ஒரு சாரார். தூத்துக்குடி வரை போய்ப் பார்த்துவந்த இளைஞர்கள் விடவில்லை. முடிவில் 4 ஓமில் பக்கத்துக்கு 500 வாட் தரும் இருவழி ஆம்பிளிபையர் வந்தது. ஒரு வழிக்கு இரண்டு பெட்டி, ஆக 4 ஓம், கணக்கு நேராயிற்று. இருந்தும் முதல் நாள் எதிர்பார்த்த தெளிவில்லை. காரணம் கம்பி. குழாய்களுக்கு 100 வோல்ட் இணைப்பில் மெல்லிய கம்பி போதும். அழுத்தம் மிகுதி, மின்னோட்டம் சொற்பம். பெட்டிக்கு அப்படியல்ல. அரை சதுர மில்லிமீட்டர் கம்பியை முப்பது மீட்டர் இழுத்தால், போக வர 2 ஓமுக்கு மேல் தடை. வாங்கிய திறனில் மூன்றில் ஒரு பங்கு கம்பியைச் சூடேற்றவே போய்க்கொண்டிருந்தது! இரண்டரை சதுர மில்லிமீட்டர் கம்பி மாற்றினோம். செலவு சிறிது, பயன் பெரிது.

திறன் வந்ததும் இன்னொரு பேய் எழுந்தது: எதிரொலி. உயர்ந்த வளைவுக் கூரையும் வெற்றுச் சுவரும் ஒரு சொல்லின் வாலை அடுத்த சொல்லின் தலையில் கட்டின. இது நம் கோவிலின் தனிக்குறை அன்று. இலண்டன் புனித பவுல் பேராலயத்திலும் 1950-களின் தொடக்கத்தில் இதே சிக்கலுக்காக நெடிய தூண் வடிவ ஸ்பீக்கர்களை நிறுத்தி, பின்வரிசைகளுக்கு ஒலியைச் சற்றே தாமதித்து அனுப்பினார்கள். நாம் செய்தது எளியது. பெட்டிகளைத் தாழ்த்தி, முகத்தைக் கூரையிலிருந்து மக்கள் பக்கம் சாய்த்து, ஒலியைக் குறைத்தோம். ஆம், ஆயிரம் வாட் வாங்கிக் குறைத்தோம்! சிலர் சிரித்தனர். ஆனால் அத்திறன் சத்தத்துக்கு அன்று. உச்சத்தில் சொல் உடையாதிருக்க வைத்த சேமிப்பு. அந்த அம்மா இப்போது மூன்றாம் வரிசையிலிருந்து தம் பழைய இடத்துக்கு, தூணருகே, திரும்பிவிட்டார்.

பழைய ஆம்பிளிபையரையும் குழாய்களையும் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்றே பலரும் கருதினர். காரணமும் காட்டினர். 2000 ஆகஸ்ட் 30-இல் சென்னைச் சபை ஒன்றின் வழக்கில், பிறர் அமைதியைக் கெடுத்து ஒலிபெருக்கியில் செபிக்க எந்தச் சமயமும் சொல்லவில்லை என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 முதல் காலை 6 வரை வெளியே ஒலிபெருக்கி கூடாது என்கின்றன. அவ்விதி நியாயமானதே, பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையும் நோயாளியும் எல்லா மதத்திலும் உண்டு. வழிபாட்டுக்குக் குழாய் வேண்டாம் என்பதில் நாமும் உடன்பட்டோம்.

ஆனால் 2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் அடித்தபோது நாம் வேறொரு கடற்கரைப் பங்கில் இருந்தோம். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஊர்களின் ஆழ்கடல் படகுகள் முன்னரே எட்டாத் தொலைவில் இருந்தன. எந்தக் குழாயும் அவர்களை அழைத்திருக்க முடியாது. கரையிலோ மின்கம்பங்கள் சாய்ந்து மாவட்டமே நாட்கணக்கில் இருளில் கிடந்தது. கைபேசி அடங்கிவிட்டது. யார் வந்தார், யார் வரவில்லை என்று ஊர் அறிந்தது, கார் பேட்டரியில் ஓடிய ஒரு பழைய ஆம்பிளிபையராலும் ஒரே ஒரு குழாயாலும்தான். ஒவ்வொரு பெயர் வாசிக்கும்போதும் கோவில் முற்றம் நின்ற நிலையை எழுத நமக்கு எழுத்து வரவில்லை.

புதிய ஆம்பிளிபையர் பேட்டரியில் ஓடாது. பழையது ஓடும். பேரவையில் இதை மட்டும் சொன்னோம்; பிறகு யாரும் பேசவில்லை. இப்போது அது கோபுரத்து அறையில், கடல் பார்த்த இரு குழாய்களோடும் ஒரு பேட்டரியோடும் இருக்கிறது. மாதத்தின் முதல் சனிக்கிழமை மாலை உபதேசியார் ஏறிப்போய்ப் பேட்டரியைச் சோதித்து, மைக்கில் இருமுறை தட்டிவிட்டு இறங்குகிறார்.