தாயம் விழவில்லை

சென்ற வைகுண்ட ஏகாதசி இரவு எங்கள் வீட்டில் ஒரு சிறிய விபரீதம் நடந்துவிட்டது. கண் விழிப்பதற்காகப் பரமபத சோபானப் படத்தை எடுத்துக் கூடத்தில் விரித்திருந்தோம். பெரியவர்கள் நாலு பேர் உட்கார்ந்தோம். ஐந்தாவதாக, அழைக்காமலே வந்து உட்கார்ந்தாள் நான்கு வயதுப் பேத்தி. "எனக்கும் ஒரு காய் கொடு, தாத்தா" என்றாள். கொடுத்தேன். அதுதான் நான் செய்த பிழை.

தாயம் விழுந்தால்தான் காய் கட்டத்துக்குள் இறங்கலாம் என்பது ஊரறிந்த விதி. எங்கள் காய்களெல்லாம் ஒவ்வொன்றாக இறங்கின. குழந்தை பித்தளைக் கட்டைகளை உருட்டுகிறாள், உருட்டுகிறாள், தாயம் விழவில்லை. இரண்டு கட்டைகளிலும் ஒன்று, இரண்டு, மூன்று, வெறும் பக்கம் என்று நாலு பக்கங்கள். ஆகப் பதினாறு விதமாய் விழலாம். அவற்றில் தாயம் இரண்டே இரண்டு. அதாவது சராசரி எட்டு முறை உருட்டினால் ஒரு தாயம். பெரியவனுக்கு எட்டு முறை என்பது வெற்றிலை மடிக்கிற நேரம். நாலு வயதுக்கு அது ஒரு யுகம். கடைசியில் தாயம் விழுந்தது, காய் இறங்கிற்று, இரண்டு ஏணி ஏறிற்று. வைகுண்டத்துக்கு நாலைந்து கட்டம் இருக்கும்போது பெரிய பாம்பு விழுங்கி அடிக்குக் கொண்டுவந்து தள்ளியது. அடுத்த நிமிஷம் படம், காய், கட்டை எல்லாம் கூடத்தின் நாலு மூலையிலும் கிடந்தன. குழந்தையின் அழுகை அடுத்த தெருவுக்குக் கேட்டிருக்கும்.

"குழந்தையோடு ஆடுகிற ஆட்டமா இது?" என்று கேட்டுவிட்டு, அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள் அவள் பாட்டி.

கேள்வி நியாயமானது. அப்படியானால் குழந்தையோடு ஆடுகிற ஆட்டம் எது? சில நாட்கள் பழைய புத்தகங்களையும் புதிய புத்தகங்களையும் புரட்டிப் பார்த்தேன். இந்தச் சில்லறைக் கேள்விக்கு முந்நூறு வருஷத்துக்கும் மேற்பட்ட சரித்திரம் இருக்கிறது!

பலகை ஆட்டம் என்பது ஆதியில் குழந்தைகளுக்காக உண்டானதே அல்ல. நம் தாயமும் சொக்கட்டானும் பெரியவர்களுடையவை. தருமபுத்திரர் நாட்டையே தோற்றது இந்த வகை ஆட்டத்தில்தான். ஐரோப்பாவிலும் அப்படியே. அங்கே பதினாறாம் நூற்றாண்டின் கடைசியில் வாத்து ஆட்டம் என்று ஒன்று பரவியது. சுருள் பாதையில் 63 கட்டங்கள். நடுவே கிணறு, சிறைச்சாலை, சத்திரம் என்று தடைகள். 58-ஆம் கட்டத்தில் மரணம் நிற்கும். அதில் கால் வைத்தவன் முதலிலிருந்து தொடங்க வேண்டும். 1597-இல் லண்டனில் ஜான் உல்ப் என்ற அச்சுக்காரர் இதைத் தம் பெயரில் பதிவு செய்துகொண்டார். பணம் வைத்துத்தான் ஆடினார்கள். நம் பெரிய பாம்புக்கு அங்கே ஒரு தாயாதி இருந்திருக்கிறது என்பதை அறிந்ததில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

குழந்தைக்கும் உருட்டும் காய்க்கும் முதலில் முடிச்சுப் போட்டவர்களில் ஒருவர் ஜான் லாக் என்ற தத்துவ ஞானி. 1693-இல் கல்வியைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அக்காலத்து லண்டனில் ராயல் ஓக் என்று ஒரு லாட்டரி. அதற்கு முப்பத்திரண்டு முகங்கள் கொண்ட தந்த உருண்டை ஒன்று உண்டு. அது மாதிரி ஓர் உருண்டை செய்து, முகங்களில் எழுத்துக்களை ஒட்டி, குழந்தையை உருட்டச் சொல்லுங்கள். படிப்பு என்று தெரியாமலே படித்துவிடும் என்றார். சூதாட்டக்காரன் கையிலிருந்ததை எடுத்து அரிச்சுவடியாக்கிய அந்தத் துணிச்சலை மெச்சத்தான் வேண்டும். ஆனால் ஒரு தொல்லையும் அங்கேயே ஆரம்பமாயிற்று. அன்றிலிருந்து குழந்தை விளையாட உட்கார்ந்தால், பின்னாலேயே ஒரு வாத்தியாரும் வந்து உட்கார்ந்துகொள்கிறார்.

1759-இல் ஜான் ஜெப்ரீஸ் என்பவர் ஐரோப்பாப் படத்தின் மேல் ஓர் ஆட்டம் வெளியிட்டார். ஆடுகிற பிள்ளை பூகோளம் படித்தாக வேண்டும். 1800-இல் லண்டனில் 'ஆனந்த மாளிகை' என்று ஒன்று வந்தது. 1843-இல் அது அமெரிக்காவின் சேலம் நகரிலும் அச்சாயிற்று. (அமெரிக்கச் சேலம், நம் மாம்பழச் சேலம் அல்ல.) நற்குணக் கட்டங்களில் கால் வைத்தால் முன்னேற்றம், துர்க்குணக் கட்டங்களில் தண்டனை. ஓய்வு நாளை மீறியவன் கசையடிக் கம்பத்துக்குப் போக வேண்டும் என்று விதியிலேயே அச்சடித்திருந்தார்கள். நல்ல குடும்பங்களில் பகடைக்காய் வைத்திருப்பது அவமானம் என்று, எண் எழுதிய சிறு பம்பரத்தைச் சுற்றி ஆடினார்கள். பகடை உருண்டால் சூது, பம்பரம் சுற்றினால் ஒழுக்கம்! மனிதன் தன்னை ஏமாற்றிக்கொள்வதில் கெட்டிக்காரன்.

இந்தச் சரித்திரத்தில் எனக்கு மிகவும் பிடித்த மனிதர் மில்டன் பிராட்லி. மாசசூசட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்பீல்டு ஊரில் கல் அச்சகம் வைத்திருந்தவர். 1860-இல் ஜனாதிபதி பதவிக்கு நின்ற லிங்கனின் படத்தை அச்சடித்து விற்றார். மழமழவென்ற முகத்தோடு இருந்த லிங்கன். அந்த அக்டோபரில் பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி லிங்கனுக்குக் கடிதம் எழுதினாள்: உங்கள் முகம் ஒல்லி, தாடி வைத்தால் பார்க்க நன்றாயிருக்கும் என்று. லிங்கன் தாடி வளர்த்தார். தாடியில்லாத லிங்கனை வாங்க ஆளில்லை. பிராட்லியின் படங்கள் வீணாயின என்று சொல்வார்கள். பிழைக்க வழி தேடிய பிராட்லி ஓர் ஆட்டம் அச்சடித்தார். ஒரு குழந்தையின் யோசனையால் கெட்ட வியாபாரம், குழந்தைகளால் நிமிர்ந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்த ஆட்டத்துக்கு 'வாழ்க்கைக் கட்டம்' என்று பெயர். நேர்மை, வறுமை, அவமானம், சூதாட்டத்தால் நாசம் என்று கட்டங்கள். தற்கொலைக்கும் ஒரு கட்டம் உண்டு. தூக்குக் கயிற்றின் படத்தோடு. 'சந்தோஷமான முதுமை' என்ற கட்டத்துக்குப் போனால் 50 புள்ளிகள், 100 சேர்ந்தால் வெற்றி. முதல் வருஷத்தில் 45,000 பிரதிகள் விற்றன. ஆனாலும் இதில் ஒரு புதுமை இருந்தது. பம்பரம் காட்டும் எண்ணுக்கு எந்தத் திசையில் போவது என்று ஆடுகிறவன் பல சமயம் தானே தேர்ந்துகொள்ளலாம். பாம்பு விழுங்கினால் விழுங்கினதுதான் என்ற தலைவிதிக்கு அவர் கொஞ்சம் யோசனையைக் கலந்தார்.

1869-இல் பிராட்லி ஒரு பிரசங்கத்துக்குப் போனார். பேசியவர் எலிசபெத் பீபாடி, விஷயம் கிண்டர்கார்ட்டன். ஜெர்மானியரான பிரபெல் 1837-இல் பிளாங்கன்பர்க் என்ற சிற்றூரில் சிறு குழந்தைகளுக்காகத் தொடங்கிய முறை அது. கம்பளி நூல் பந்து, மரக் கோளம், உருளை, கனசதுரம் இவைதாம் அங்கே பாட புஸ்தகம். பிராட்லிக்கு மனம் மாறிவிட்டது. கிண்டர்கார்ட்டன் வழிகாட்டிப் புத்தகத்தை அந்த வருஷமே வெளியிட்டார். பிரபெலின் மரச்சாமான்களைச் செய்து விற்றார். அதில் லாபமில்லை என்று கூட்டாளிகள் முணுமுணுத்தார்கள், அவர் விடவில்லை. எனக்குத் தோன்றுவது இதுதான்: தற்கொலைக் கட்டம் போட்ட அதே மனிதர், இன்னும் சிறிய குழந்தைக்கு என்ன கொடுப்பது என்று யோசித்தபோது, ஜயமும் இல்லை, தோல்வியும் இல்லை, வெறும் பந்தும் கட்டையும் போதும் என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தார். அவர் 1911-இல் காலமானார். கம்பெனி அவர் பெயரிலேயே வளர்ந்தது.

இதற்குள் நம் பாம்பும் ஏணியும் கப்பலேறிவிட்டன. 1890-களில் லண்டன் கடைகளில் அவை விற்பனைக்கு வந்தன. நம் பழைய படங்கள் பலவற்றில் ஏணியைவிடப் பாம்பு அதிகம். மோட்சம் சுலபமில்லை என்பது நம் பெரியோர் கட்சி. வெள்ளைக்காரர்கள் இரண்டையும் சமன் செய்தார்கள். 1943-இல் மில்டன் பிராட்லி கம்பெனி அமெரிக்காவில் வெளியிட்ட பதிப்பில் பாம்பையே எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதில் பூங்காவில் குழந்தைகள் வழுக்கி விளையாடும் சறுக்குமரம். அசுரன் பெயர் தாங்கிய நாகம் கடைசியில் சறுக்குமரமாகிவிட்டதே என்று எனக்கு வருத்தந்தான். ஆனால் அந்த ஏகாதசி இரவுக்குப் பிறகு, மாற்றியவர்களைக் குறை சொல்ல நா எழவில்லை.

அடுத்துச் சொல்லப்போவது வேடிக்கையான விஷயம் அல்ல.

1940-களில் அமெரிக்காவில் ஒவ்வொரு கோடையும் இளம்பிள்ளை வாதம் தலைவிரித்து ஆடியது. 1952-இல் மட்டும் 57,000 பேருக்கு மேல் கண்டது. குழந்தைகளை வார்டில் சேர்த்தால் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் படுக்கை. மூச்சு விட முடியாதவர்களை இரும்புக் கூண்டுக்குள் தலை மட்டும் தெரியக் கிடத்தினார்கள். பெற்றோர் நினைத்தபோது வந்து பார்க்க முடியாது. சான் டியாகோ நகரத்தில் எலினார் அபட் என்று ஒரு பள்ளி ஆசிரியை. அவருக்கும் அந்த நோய். தேறிவரும் நாட்களில், பக்கத்துக் கட்டில்களில் கிடந்த குழந்தைகளுக்காக ஓர் ஆட்டம் வரைந்தார். அதுதான் 'காண்டி லாண்ட்', மிட்டாய் நாடு. 1949-இல் மில்டன் பிராட்லி கம்பெனியார் அதை வெளியிட்டார்கள்.

ஆட்டம் என்று சொல்லவே கூச்சமாயிருக்கும், அவ்வளவு எளியது. வளைந்து செல்லும் ஒரே பாதை. பல வர்ணக் கட்டங்கள். சீட்டுக் கட்டிலிருந்து ஒரு சீட்டு எடு. சிவப்பு வந்தால் அடுத்த சிவப்புக் கட்டத்துக்குப் போ. எழுத்துத் தெரிய வேண்டாம், எண்ணத் தெரிய வேண்டாம், யோசிக்கவே வேண்டாம். சீட்டைக் கலைத்து வைத்ததுமே யார் ஜயிப்பது என்று தீர்ந்துபோகிறது. இதை ஆடும் பெரியவர்களுக்குக் கொட்டாவி வருவதில் ஆச்சரியமில்லை; நானும் ஒரு முறை ஆடிப் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த வார்டை நினைத்துப் பாருங்கள். பக்கத்துக் கட்டிலுக்குக்கூட நடந்து போக முடியாத குழந்தை, மிட்டாய்க் காடு வழியாகத் தன் காயை நடத்திக்கொண்டு போகிறது. உதவிக்குப் பெரியவர் வேண்டாம். தெரியாது என்று சொல்லி வெட்கப்பட வேண்டாம். ஒழுக்கமும் கற்றுத் தராமல், பூகோளமும் கற்றுத் தராமல், குழந்தையை அன்றைய பொழுதிலிருந்து மட்டும் விடுவிக்க எண்ணியவர் அபட் அம்மையார். அந்த நோய்க்குத் தடுப்பூசி பலிக்கிறது என்ற செய்தி 1955 ஏப்ரல் 12-ஆம் தேதி வெளியாயிற்று. இந்தியாவில் 2011 ஜனவரிக்குப் பிறகு இயற்கையான போலியோ வைரஸால் அந்த நோய் யாருக்கும் காணவில்லை. 2014-இல் நோய் நீங்கிய நாடு என்று நமக்குச் சான்றும் கிடைத்தது. வார்டு போய்விட்டது, ஆட்டம் மட்டும் இருக்கிறது.

வாத்தியார் அத்தோடு விட்டாரா? இல்லை. ஆனால் இம்முறை வந்தவர் முன்பு வந்தவர்களைவிடப் புத்திசாலி. 2008-இல் கீதா ரமணி, ராபர்ட் சீக்லர் என்ற இரண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் ஏழைக் குடும்பத்துப் பாலர்களை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு ஒன்று முதல் பத்து வரை எண் எழுதிய ஒரே வரிசைக் கட்டம்; மற்றப் பிரிவுக்கு அதே கட்டம், எண்ணுக்குப் பதில் வர்ணம். ஒன்று அல்லது இரண்டு மட்டும் காட்டும் ஒரு சுழலி. ஒவ்வொரு முறையும் கால் மணி, இருபது நிமிஷம். இரண்டு வாரத்தில் நாலு முறை. அவ்வளவுதான். எண் கட்டத்தில் ஆடின குழந்தைகளுக்கு எது பெரிய எண், எது சிறிய எண் என்பது நன்றாகப் பிடிபட்டது. வாரங்கள் கழித்துச் சோதித்தபோதும் மறக்கவில்லை. வர்ணக் கட்டத்தில் ஆடியவர்களுக்கு அந்த லாபம் இல்லை. வட்டமாக எண் எழுதினால் அவ்வளவு பலனில்லை, நேர்வரிசைதான் நல்லது என்று மறு வருஷம் கண்டார்கள். இன்னொரு சூட்சுமமும் உண்டு: ஐந்தில் இருக்கும் காய் இரண்டு கட்டம் போகும்போது "ஒன்று, இரண்டு" என்று சொல்லக்கூடாதாம், "ஆறு, ஏழு" என்று சொல்ல வேண்டுமாம்.

படித்ததும் அபட் அம்மையாருக்காக எனக்குச் சற்றே கோபம் வந்தது. வர்ணக் கட்டம் தோற்றுவிட்டதா? கணக்கில் தோற்றது, சரி. அவர் கணக்குச் சொல்லித்தர வரவில்லையே!

ஜயம் தோல்வி சமாசாரம் ஒன்று பாக்கி. ஸ்விட்சர்லாந்து அறிஞர் பியாஜே, நூஷாடெல், ஜினீவா ஊர்ப் பையன்களிடம் போய், "கோலி ஆடத் தெரியாது, சொல்லிக்கொடுங்கள்" என்று கேட்டு அவர்களோடு ஆடி, 1932-இல் ஒரு புத்தகம் எழுதினார். மிகச் சிறியவர்கள் சேர்ந்து ஆடுவது போல் தோன்றினாலும் அவரவர் ஆட்டத்தை அவரவர் ஆடுகிறார்களாம். எல்லோரும் ஏக காலத்தில் ஜயிக்கலாமாம். அதில் அவர்களுக்கு முரண்பாடே தெரிவதில்லை. இதை வைத்துப் பார்த்தால் எங்கள் வீட்டுக் குழந்தை அழுதது தோற்றதற்காக இல்லை. தான் போய்க்கொண்டிருந்த வழியை யாரோ பறித்துக்கொண்டதற்காக. 1986-இல் ஜெர்மனியில் 'பழத்தோட்டம்' என்று ஓர் ஆட்டம் வந்தது. அதில் ஆடுகிறவர்கள் எல்லோரும் ஒரே கட்சி; எதிர்க்கட்சி ஓர் அண்டங்காக்கை. காக்கையின் படம் ஒன்பது துண்டும் சேர்ந்து முழுமையாவதற்குள் மரத்துப் பழங்களைப் பறித்துக் கூடையில் சேர்த்துவிட வேண்டும். தோற்றால் எல்லோருமாகத் தோற்போம்.

இத்தனையும் படித்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை, முற்றத்தில் சுண்ணாம்புக் கட்டியால் நேராகப் பத்துக் கட்டம் போட்டேன். ஒரு புளியங்கொட்டையை ஒரு பக்கம் தேய்த்து வெள்ளையாக்கினேன். வெள்ளை விழுந்தால் ஒன்று, கறுப்பு விழுந்தால் இரண்டு. தாயத்துக்குக் காத்திருக்க வேண்டாம். காய்க்கு இரண்டு சோழி. பேத்தி உற்சாகமாகத்தான் ஆடினாள். "ஆறு, ஏழு" என்று எனக்கும் சேர்த்து அவளே எண்ணினாள். நாலு ஆட்டம் முடிந்தது. ஐந்தாவது ஆட்டத்தின் நடுவில் கட்டங்களைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தாத்தா, பாம்பு எங்கே?"

"பாம்பு வேண்டாம் என்று எடுத்துவிட்டேன், அம்மா. உனக்கு அழுகை வருமே."

அவள் பதில் சொல்லவில்லை. என் கையிலிருந்த சுண்ணாம்புக் கட்டியை வாங்கி, ஒன்பதாம் கட்டத்தில் ஆரம்பித்து, முற்றத்தின் அந்தக் கோடி வரைக்கும் இழுத்துக்கொண்டு போய், பெரிதாக ஒரு பாம்பு வரைந்தாள். வாய் திறந்திருந்தது. திரும்பி வந்து புளியங்கொட்டையை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"இப்போ நீ போடு."