தெக்கோவா இடையரும் நகர வாயில் நீதியும்

கி. மு. எட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே வட இஸ்ரவேல் அரசு செல்வத்தின் உச்சியில் இருந்தது. வடக்கே தமஸ்கு வலிமை குன்றியிருந்தது. அதற்கப்பால் அசீரியப் பேரரசும் தளர்ந்திருந்தது. 41 ஆண்டுகள் ஆண்டவன் என வேதாகமம் கூறும் இரண்டாம் யெரொபெயாம், இவ்வாய்ப்பைப் பயன்படுத்தி இழந்த எல்லைகளை மீட்டான். வாணிகம் செழித்தது; ஆலயங்களிற் பலிகள் குறைவின்றி நடந்தன. வெற்றியும் விளைவும் தெய்வத்தின் அருளுக்குச் சான்றுகள் என்றே மக்கள் நம்பினர். அந்நம்பிக்கையைத் தகர்க்க எழுந்த குரலே ஆமோஸ் தீர்க்கதரிசியின் குரல்.

பெத்லெகேமுக்குத் தெற்கே, யூதாவின் பாலைநில ஓரத்திலுள்ள தெக்கோவா அவரது ஊர். மந்தை மேய்த்தலும் காட்டத்திப் பழங்களைப் பக்குவப்படுத்தலும் அவரது தொழில். தீர்க்கதரிசிகளின் கூட்டத்தைச் சேர்ந்தவரல்லர். ஆயினும், தம் வாக்குகள் தனி நூலாக எஞ்சிய தீர்க்கதரிசிகளுள் அவரே காலத்தால் முந்தியவர் என்பது அறிஞர் பலரின் முடிபு.

அவர் வடநாடு சென்று பேசிய முறை கூர்ந்து நோக்கத்தக்கது. முதலில் அயல்நாடுகள்மீது தீர்ப்புரைத்தார். தமஸ்கு போரிலே கொடுமை செய்தது. காசா சிறைப்பட்ட மக்களை விற்றது. மோவாப் ஏதோம் அரசனின் எலும்புகளை எரித்தது. இவற்றுள் இறுதிக் குற்றம் இஸ்ரவேலருக்கு இழைக்கப்பட்டதன்று. பகைவன் ஒருவன் மற்றொரு பகைவனுக்குச் செய்தது. அதற்கும் இறைவன் கணக்குக் கேட்கிறார் எனின், அவரது நீதி ஒரு நாட்டின் எல்லைக்குள் அடங்குவதன்று என்பது தெளிவு. அயலார்மீது தீர்ப்பு விழக் கேட்டு மகிழ்ந்திருக்கக்கூடிய கூட்டத்தை நோக்கி, பின்னர் யூதாவையும் இறுதியாக இஸ்ரவேலையுமே அவர் குற்றக் கூண்டில் நிறுத்தினார்.

இஸ்ரவேலின்மேல் அவர் சாற்றிய குற்றங்கள் போர்க்களத்தில் நிகழ்ந்தவையல்ல. சந்தையிலும் நகர வாயிலிலும் நிகழ்ந்தவை. அற்பக் கடனுக்காக ஏழை விற்கப்பட்டான். வணிகர் மரக்காலைச் சிறிதாக்கி எடைக்கல்லைப் பெரிதாக்கினர். அடகாகப் பெற்ற ஆடைகளை விரித்து, பலிபீடத்தின் அருகிலேயே செல்வர் சாய்ந்திருந்தனர். ஊர்ப்பெரியோர் அமர்ந்து வழக்குத் தீர்க்கும் இடம் நகர வாயில். அங்கே கைக்கூலி வாங்கி எளியவனின் முறைப்பாட்டைத் தள்ளினர்.

செல்வர் வாழ்வைப்பற்றி அவர் கூறியவற்றுக்கு அகழ்வாய்வும் துணைநிற்கிறது. தந்தம் இழைத்த கட்டில்களை அவர் கண்டித்தார். 1930களிற் சமாரியாவிலே செதுக்குத் தந்தத் துண்டுகள் ஏராளமாகக் கிடைத்தன. மதுவையும் உயர்ந்த எண்ணெயையும் குறிப்பிட்டார். 1910இல் அங்கே கிடைத்த மட்பாண்ட ஓடுகளில், தலைநகருக்கு வந்த திராட்சை மதுவும் எண்ணெயும் கணக்கிடப்பட்டுள்ளன.

நீதியின்றிச் செலுத்தப்படும் பலியையும் பாட்டையும் இறைவன் ஏற்கார் என்றார் ஆமோஸ். தெரிந்தெடுக்கப்பட்ட மக்கள் என்பது தண்டனைக்கு விலக்களிக்கும் உரிமையன்று. மிகுந்த பொறுப்பைச் சுமத்தும் உறவு என்பதே அவரது வாதம். எபிரேயர் ‘மிஷ்பாத்’ என்ற சொல்லால் நியாயத் தீர்ப்பையும், ‘செதாக்கா’ என்ற சொல்லால் ஒருவர்க்கொருவர் காக்கவேண்டிய நேர்மையையும் குறித்தனர். இவ்விரண்டும் அற்ற இடத்தில் வழிபாடும் குற்றத்தின் ஒரு பகுதியாகிவிடுகிறது.

பெத்தேலின் ஆசாரியனான அமத்சியா இதனை அரச துரோகமெனக் கருதி, மன்னனுக்குச் செய்தி அனுப்பினான். யூதாவுக்குப் போய்ப் பிழைத்துக்கொள்ளுமாறு ஆமோசுக்கும் கட்டளையிட்டான். பெத்தேல் அரசனின் ஆலயம் என்பதே அவன் கூறிய காரணம். ஆலயம் அரசனுக்கு உரியதாகிவிட்டால் அங்கே அரசனைக் கண்டிக்க எவர்க்கும் இடமில்லை என்பதை அவனது வாயே ஒப்புக்கொண்டது.

கி. மு. 745இல் மூன்றாம் திக்லாத் பிலேசர் அரியணை ஏற, அசீரியா மீண்டும் எழுந்தது. கி. மு. 722 அளவிற் சமாரியா வீழ்ந்தது. 27,000க்கு மேற்பட்டோரை அங்கிருந்து கொண்டுசென்றதாக அசீரிய மன்னன் சர்கோனின் கல்வெட்டுகள் கூறுகின்றன. தலைநகர் வீழ்ந்தபின்னும் ஆமோசின் வாக்குகள் யூதாவிலே பேணப்பட்டன.

அவர் எழுப்பிய வழக்கு அத்துடன் முடிந்துவிடவில்லை. 1960இல் யாவ்னே கடற்கரைக்கு அண்மையிலுள்ள கோட்டையொன்றில், கி. மு. ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த எபிரேய எழுத்துள்ள ஓடு ஒன்று கண்டெடுக்கப்பட்டது. அறுவடைத் தொழிலாளி ஒருவன் அதிகாரியிடம் செய்துகொண்ட முறைப்பாடு அது. தன் பங்கு வேலையைச் செய்து முடித்த பின்னரும் தன் ஆடை பறிக்கப்பட்டதென்றும், உடன் அறுத்தோர் தனக்குச் சாட்சி என்றும், ஆடையை மீட்டுத் தரவேண்டும் என்றும் அவன் வேண்டுகிறான். அடகு பெற்ற ஆடையைப் பொழுது சாயுமுன் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்பது எபிரேயரின் பழைய சட்டம். சட்டம் இருந்தது, ஆடை திரும்பவில்லை. இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள வெளியிலேதான் தீர்க்கதரிசிகள் நின்று பேசினர். தெய்வத்தின் தீர்ப்பு என்று அவர்கள் அஞ்சியுரைத்தது, அந்த ஏழையின் முறைப்பாடு கேட்கப்படாத நாட்டுக்கு வரும் முடிவையே.