ஆடரங்கிற்கு அப்பால்



கூடைப்பந்தாட்ட அரங்கில் பத்துப் பேர் ஆடுவதைக் காண்கிறோம். பந்து கூடையில் விழுந்ததும் ஆரவாரிக்கிறோம். மறுநாள் செய்தித்தாளில், யார் எத்தனை புள்ளி எடுத்தார் என்று தேடுகிறோம். ஆனால், அவ்வெற்றிக்கு வித்திட்ட செயல் பெரும்பாலும் அரங்கில் நிகழ்ந்ததன்று. பல திங்களுக்கு முன்னர், கைதட்டுவார் எவருமில்லாத ஓர் அலுவலக அறையில் நிகழ்ந்ததாகும். யாரைச் சேர்ப்பது, யாரை விடுப்பது என்று அங்கே சிலர் அமர்ந்து முடிவு செய்கின்றனர். நான் வரலாறு பயில்பவன். பந்தாட்ட வல்லுநன் அல்லேன். ஆதலின், அவ்வறையின் கதையே என் உள்ளத்தைக் கவர்ந்தது. அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் நகரத்துச் செல்டிக்ஸ் குழுவின் வரலாற்றைக் கொண்டு அதனை விளக்க முயல்கிறேன்.

முதலில் ஒரு விதியை அறிந்துகொள்ளல் வேண்டும். அந்நாட்டில் ஊதியம் பெற்று ஆடும் குழுக்கள், கல்லூரி முடித்த இளைஞரைத் தம் விருப்பம்போல் அமர்த்திக்கொள்ள இயலாது. ஆண்டுதோறும் குழுக்கள் யாவும் கூடி, முறை வைத்து ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுக்கின்றன. ஒரு குழு தன் முறையை மற்றொரு குழுவுக்கு அளித்து, ஈடாக ஆட்டக்காரரைப் பெறவும் கூடும். அலுவலக அறையின் மதிநுட்பம் வெளிப்படுவது இங்கேதான்.

செல்டிக்ஸ் குழுவை 1946-ஆம் ஆண்டில் தொடங்கியவர் வால்டர் பிரௌன். அவர் 1950-இல் ரெட் ஆவர்பாக் என்பவரைப் பயிற்சியாளராக நியமித்தார். ஆட்டக்காரரைத் தெரிவு செய்வதிலும் ஆவர்பாக்கின் சொல்லே ஓங்கியது. ஆயினும், அவருடைய தொடக்கமே ஒரு பிழையாக அமைந்தது. பாஸ்டனுக்கு அணித்தே உள்ள வுஸ்டர் நகரக் கல்லூரியில் பாப் கூசி என்னும் இளைஞர் பெரும்புகழ் பெற்றிருந்தார். உள்ளூர்ப் புகழுக்காக ஒருவரைச் சேர்ப்பது தம் கடமையன்று எனக் கருதிய ஆவர்பாக், அவரை விடுத்து வேறொருவரைத் தேர்ந்தெடுத்தார். கூசியின் உரிமை இறுதியில் சிகாகோ குழுவைச் சேர்ந்தது. அக்குழு கலைந்துபோகவே, எஞ்சிய மூவரின் பெயர்களைத் தொப்பியிலிட்டு மூன்று குழுவினர் எடுத்தனர். பிரௌனின் கையில் வந்தது கூசியின் பெயர்! அவர் அப்போது மகிழ்ந்தாரல்லர். அந்தக் கூசியே பின்னர், தோழருக்குப் பந்து வழங்கிப் புள்ளி எடுக்கச் செய்வதில் எட்டு ஆண்டுகள் தொடர்ந்து முதல்வராக விளங்கினார். அறிஞரும் தவறுவர், நல்லூழும் துணை செய்யும் என்பதை நாம் மறைத்தல் ஆகாது.

அதே 1950-இல் அவ்வறையில் வேறொரு முடிவும் எடுக்கப்பட்டது. அதுகாறும் அக்கூட்டமைப்பில் எக்குழுவும் கறுப்பின இளைஞர் ஒருவரைத் தேர்ந்தெடுத்ததில்லை. செல்டிக்ஸ் குழு சக் கூப்பரின் பெயரைக் கூறி, அவ்வழக்கத்தை முறித்தது.

கூசி வந்த பின்னர்ப் புள்ளிகள் குவிந்தன. ஆனால் கோப்பை வரவில்லை. 1954-55 பருவத்தில், ஆட்டமொன்றுக்குச் சராசரியாக 101 புள்ளி எடுத்த இக்குழு, ஏறத்தாழ அத்துணைப் புள்ளிகளை எதிரிக்கும் விட்டுக்கொடுத்தது. குடத்தில் நீர் பெய்வார் இருந்தனர்; ஓட்டையை அடைப்பார் இல்லை. குறை இன்னதென்று ஆவர்பாக் உணர்ந்தார்.

அந்நாளில் சான் பிரான்சிஸ்கோப் பல்கலைக்கழகத்தில் பில் ரஸ்ஸல் என்னும் கறுப்பின இளைஞர் ஆடிவந்தார். அவர் குழு 1955, 1956 ஆகிய இரண்டு ஆண்டுகளும் கல்லூரிகளுக்குள் முதன்மை பெற்றது. புள்ளி எடுப்பதினும், எதிரி எறியும் பந்தைத் தடுப்பதிலும், கூடையில் விழாது மீளும் பந்தைக் கைப்பற்றுவதிலுமே அவர் திறமை சிறந்து நின்றது. எறிபந்தைத் தடுத்தலை அக்காலத்தில் எவரும் கணக்கில் எழுதியதில்லை. 1973-74 பருவத்திலேதான் அதற்கு அதிகாரமுறையான கணக்குத் தோன்றியது. கணக்கேட்டில் இல்லாத ஒரு திறமைக்கு விலை மதிக்க வேண்டிய நிலை ஆவர்பாக்குக்கு நேர்ந்தது.

1956-இல் முதல் முறை ராச்செஸ்டர் குழுவுக்கு உரியது. பந்தைக் கைப்பற்றுவதில் வல்ல மாரிஸ் ஸ்டோக்ஸ் அங்கு முன்னரே இருந்தமையால், அக்குழு வேறொருவரை எடுத்தது. இரண்டாம் முறை செயிண்ட் லூயிஸ் குழுவின் கையில் இருந்தது. அதனைப் பெறும்பொருட்டு, புகழ் வாய்ந்த எட் மக்காலியையும், படைப்பணி முடித்துத் திரும்பிய கிளிஃப் ஹேகனையும் செல்டிக்ஸ் குழு அளித்தது. மக்காலியின் சொந்த ஊர் செயிண்ட் லூயிஸ். அவருடைய சிறு மகன் அப்போது கடும்நோயுற்றிருந்தான். ஆதலால் அம்மாற்றத்தை அவர் மனமுவந்து ஏற்றார். செயிண்ட் லூயிஸ் குழுவினரும் ஏமாந்தவரல்லர். மக்காலியும் ஹேகனும் துணைநிற்க, 1958-இல் அவர்கள் கோப்பையை வென்றனர். அவர்கள் பெற்றது ஒரு கோப்பை. பாஸ்டன் பெற்றதோ ஒரு காலம்!

ரஸ்ஸல் மெல்போர்ன் ஒலிம்பிக் போட்டியில் தம் நாட்டுக்குத் தங்கப்பதக்கம் ஈட்டித் தந்து, 1956 டிசம்பரில் பாஸ்டன் வந்து சேர்ந்தார். 1957-இல் முதற்கோப்பை கிட்டியது. இறுதி ஆட்டம் இருமுறை நீட்டிக்கப்பட்டு, 125-க்கு 123 என முடிந்தது. பின்னர் 1959 முதல் 1966 வரை எட்டு ஆண்டுகள் இடையறாத வெற்றி! ரஸ்ஸல் ஆடிய 13 பருவங்களில் 11 கோப்பைகள் அக்குழுவைச் சேர்ந்தன.

இவ்வெற்றிகளினும் நான் பெரிதாக மதிப்பது ஒன்றுண்டு. கறுப்பினத்தவரைச் சிலர் என்ற அளவோடு நிறுத்துவது அக்காலத்து எழுதாச் சட்டமாயிருந்தது. 1964 டிசம்பர் 26-ஆம் நாள், காயமுற்ற வெள்ளையர் ஒருவருக்குப் பதிலாக வில்லி நால்ஸை ஆவர்பாக் இறக்கியபோது, ஆட்டத்தைத் தொடங்கிய ஐவரும் கறுப்பினத்தவராயினர். அக்கூட்டமைப்பில் அதுவே முதன்முறை. 1966-இல் பயிற்சியாளர் பொறுப்பைத் துறந்த அவர், அதனை ரஸ்ஸலிடமே ஒப்படைத்தார். அக்கூட்டமைப்பின் முதற்கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர் ரஸ்ஸலே ஆவார்.

அறையின் ஆற்றலுக்கும் எல்லை உண்டு. கோப்பைகள் பல ஈட்டித் தந்த அவ்வீரரின் இல்லத்தினுள் புகுந்து, சுவரில் இழிசொற்களை எழுதிச் சென்ற கயவரும் பாஸ்டன் நகர்ப்புறத்தே இருந்தனர். நல்ல நிர்வாகம் ஒரு கதவைத் திறக்கலாம். ஊரார் உள்ளத்தைத் திறக்க அதனால் இயலாது.

நண்பர்களே! நாளை உங்கள் கல்லூரிக் குழுவுக்கு ஆட்டக்காரரைத் தெரிவு செய்யும் பொறுப்பு உங்களுக்கு வாய்க்கலாம். அப்போது, மிகுந்த புகழுடையவர் யார் என்று மட்டும் வினவாதீர்கள். நம்மிடம் இல்லாதது யாது, அதனை உடையவர் யார், அவரை ஏற்கவொட்டாமல் நம்மைத் தடுப்பது அவர் குறையா, நம் குறையா என்றும் வினவுங்கள். வரலாற்றைப் படிக்கும்போதும், கோப்பையை ஏந்தி நிற்பவரை வாழ்த்திவிட்டு, அவரை அழைத்து வந்த கையையும் சற்றே தேடிப் பாருங்கள்.