ஆவுளியாவுக்கு நிதி பிறந்த கதை

2022 செப்டம்பர் 21 அன்று தமிழக அரசு ஓர் அரசாணை வெளியிட்டது. அதிராம்பட்டினத்திலிருந்து அம்மாபட்டினம் வரை, பாக் விரிகுடாவின் 448 சதுர கிலோமீட்டர் கடல், இந்தியாவின் முதல் கடற்பசு பாதுகாப்பகம் ஆனது. கட்டுமாவடி, மணமேல்குடி கரைகளுக்கு எதிரே விரியும் கடலும் அதற்குள் அடங்கும்.

நம் மீனவர்கள் ஆவுளியா என்று அழைக்கும் கடற்பசு, கடற்புல்லை மேய்ந்து வாழும் சாதுவான பாலூட்டி. வளர்ந்த விலங்கு ஒன்று நாளுக்கு 30 முதல் 40 கிலோ புல் தின்னும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரே ஒரு குட்டி ஈனும். நாடு முழுவதும் மிஞ்சியிருப்பவை ஏறக்குறைய 240 என்று அரசு சொன்னது. பெரும்பாலானவை தமிழகக் கடலில்தான் இருக்கின்றன.

அரசாணை வரும் முன்பே அதற்கான வேலை பல ஆண்டுகள் நடந்தாக வேண்டும். கடற்புல் எங்கே வளர்கிறது என்று மூழ்கிப் பார்க்க வேண்டும். படகு வாடகை, டீசல், ஆய்வாளர் சம்பளம் எல்லாம் வேண்டும். வலையில் சிக்கிய ஆவுளியாவை உயிரோடு விடுவிக்கும் மீனவருக்கு வெகுமதி தர வேண்டும். இந்தப் பணத்தின் ஊற்றுக்கண்ணைத் தேடிப் போனால், அது கடலில் இல்லை, நீலகிரி மலையில் இருக்கிறது.

1995-இல் நீலகிரியின் கூடலூர்க் காடுகளில் மரங்கள் வெட்டிச் சாய்க்கப்படுவதைக் கண்டு மனம் பொறுக்காத நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த டி.என். கோதவர்மன் திருமுல்பாடு உச்ச நீதிமன்றம் போனார். அந்த ஒரு வழக்கு நாட்டின் காடுகள் அனைத்துக்குமான வழக்காக வளர்ந்தது. சுரங்கம், அணை, சாலை ஆகியவற்றுக்காகக் காட்டு நிலத்தை எடுப்போர் ஈடாகக் கட்டிய பணத்தை மாநிலங்கள் முழுமையாகச் செலவிடவில்லை என்பது அப்போது வெளிச்சத்துக்கு வந்தது. 2002 அக்டோபர் 30 அன்று நீதிமன்றம், இந்தப் பணத்துக்குத் தனி நிதியம் வேண்டும் என்றும், அழியும் காட்டின் நிகர மதிப்பையும் வசூலிக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. அதை ஆள 'காம்பா' என்ற ஆணையம் வந்தது. 2016-இல் ஈடுசெய் காடு வளர்ப்பு நிதிச் சட்டம் நிறைவேறியது. 2019 ஆகஸ்டில் மட்டும் 27 மாநிலங்களுக்கு 47,436 கோடி ரூபாய் பிரித்தளிக்கப்பட்டது.

இதற்கிடையே கடற்பசுவுக்காகவும் சிலர் உழைத்துக்கொண்டிருந்தார்கள். 2008-இல் இந்தியா கடற்பசு பாதுகாப்புக்கான பன்னாட்டு உடன்பாட்டில் கையெழுத்திட்டது. 2010-இல் மத்திய அரசு ஒரு பணிக்குழு அமைத்தது. ஆனால் திட்டத்தை நடத்தக் கையில் பணம் வேண்டுமே! 2016-இல் காம்பா நிதியிலிருந்து அது கிடைத்தது. இந்திய வனவிலங்கு நிறுவனம் தமிழ்நாடு, குஜராத், அந்தமான் கடல்களில் கடற்பசு மீட்புத் திட்டத்தைத் தொடங்கியது. கடலோரப் பள்ளிப் பிள்ளைகள் ஆவுளியாவின் தூதுவர்களானார்கள். அவர்களுக்கு மாதம் 500 ரூபாய் உதவித்தொகையும் வழங்கப்பட்டது. எங்கோ காட்டை இழந்ததற்கு ஈடாக வந்த பணம், மீனவர் வீட்டுப் பிள்ளையின் படிப்புக்கு உதவியது.

அதே காலத்தில் அக்கரையில் வேறு கதை. உலகச் சுற்றுச்சூழல் வசதி நிதியம் 2015 முதல் 2019 வரை கடற்பசுவுக்கும் கடற்புல்லுக்குமான ஒரு பெரிய திட்டத்துக்கு நிதி அளித்தது. அபுதாபியின் முகமது பின் சயீத் உயிரின நிதியம் அதைச் செயல்படுத்தியது. எட்டு நாடுகள் அதில் இடம்பெற்றன. இலங்கை அவற்றுள் ஒன்று. இந்தியா இல்லை. ஆவுளியா இரு கரைக்கும் பொதுவாக நீந்துகிறது. நிதியின் விதி அப்படிப் பொதுவாக இருப்பதில்லை. யாருக்கு, எந்த நாட்டில், எந்த வேலைக்கு என்று ஒவ்வொரு நிதியும் தன் எல்லையைத் தானே வகுத்துக்கொள்கிறது. அந்த எல்லையைப் படித்து அறிவதுதான் நிதி தேடுவோரின் முதல் வேலை.

அரசுப் பணத்துக்கும் அறக்கட்டளைப் பணத்துக்கும் இயல்பிலேயே வேறுபாடு உண்டு. 2009-இல் தொடங்கப்பட்ட முகமது பின் சயீத் நிதியமும், பிரிட்டனின் ரஃபோர்டு அறக்கட்டளையும் தனி ஆய்வாளருக்கும் சிறு அமைப்புக்கும்கூடச் சிறு தொகைகள் தருகின்றன. யாரும் கண்டுகொள்ளாத ஓர் உயிரைப் பற்றி முதல் சான்றைச் சேர்க்க அது போதும். அரசுப் பணம் மெதுவாக வரும், வந்தால் பல ஆண்டுகள் நிற்கும், சட்டத்தின் பலத்தோடு நிற்கும். தஞ்சை மாவட்டம் வெளிவயலில் இயங்கும் ஓம்கார் அறக்கட்டளை போன்ற உள்ளூர் அமைப்புகள் கடற்புல் வரைபடத்தையும் மீனவர் நம்பிக்கையையும் முதலில் சேர்த்ததால்தான், பின்னால் அரசு வந்து ஊன்றுவதற்கு இடம் இருந்தது. ஒன்று இல்லாமல் மற்றது நிற்காது.

மணமேல்குடிப் பகுதி ஊராட்சிகளும் மீனவர் சங்கங்களும் பள்ளிகளும் இதில் பார்வையாளர்கள் அல்ல. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 36-ஏ பிரிவின்படி, உள்ளூர் மக்களைக் கலந்துபேசித்தான் இத்தகைய பாதுகாப்பகத்தை அறிவிக்க முடியும். 36-பி பிரிவு, அதன் மேலாண்மைக் குழுவில் ஊராட்சிக்கு ஓர் இடம் தருகிறது. அந்த இடத்தில் உட்கார்ந்து கேட்பது நம் உரிமை.

கேட்கும் வழிகளும் திறந்தே இருக்கின்றன. 2014 ஏப்ரல் முதல், ஆண்டுக்கு 5 கோடி ரூபாய்க்குக் குறையாமல் நிகர லாபம் ஈட்டும் நிறுவனம், மூன்று ஆண்டு சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்பது சட்டம். அனுமதிக்கப்பட்ட பணிகளின் பட்டியலில் தாவரங்களையும் விலங்குகளையும் காப்பதும் இருக்கிறது. இந்த நிதியைப் பெற விரும்பும் அறக்கட்டளைக்கு வருமான வரிச் சட்டத்தின் கீழ் உரிய பதிவுகளும், சி.எஸ்.ஆர்-1 படிவப் பதிவும் தேவை. வெளிநாட்டுப் பணம் என்றால் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் (எஃப்.சி.ஆர்.ஏ.) அனுமதி இன்றி ஒரு ரூபாயும் வாங்கக் கூடாது. பதிவுகள் சரியாக இருந்து, தணிக்கை செய்த கணக்கும் கையில் இருந்தால்தான் விண்ணப்பம் மதிக்கப்படும்.

எங்கோ பணம் இருக்கிறது, யாராவது கொண்டுவந்து தருவார்கள் என்று காத்திருந்த ஊர் எதுவும் பயன்பெற்றதில்லை. மணமேல்குடி இளைஞர்களே, இன்றே ஒரு சங்கத்தைப் பதிவு செய்யுங்கள். உங்கள் கரையில் கண்ட ஆவுளியாவையும் கடற்புல்லையும் தேதியோடு எழுதி வையுங்கள். அந்தக் குறிப்பேடே நாளை உங்கள் விண்ணப்பத்தின் முதல் பக்கமாக அமையும்.