ஆக்சிரிங்கஸ் குப்பைமேடுகள்

எகிப்தில் கெய்ரோவுக்குத் தெற்கே ஏறத்தாழ 160 கி.மீ. தொலைவில், பஹர் யூசுப் கால்வாயின் மேற்கே இருந்த பழைய நகரம் ஆக்சிரிங்கஸ். இன்று அல்-பஹ்னசா என்ற சிற்றூர் அவ்விடத்தில் உள்ளது. நகரின் கோயில்களும் அரங்கமும் பெரும்பாலும் கல்லுக்காகப் பெயர்த்தெடுக்கப்பட்டு அழிந்துவிட்டன. ஊர்மக்கள் நூற்றாண்டுகளாக ஊரின் விளிம்பில் கொட்டிய குப்பையே எஞ்சியது. பண்டைய எழுத்துகள் மிகுதியாகக் கிடைத்த இடங்களுள் இது முதல் வரிசையில் வைக்கப்படுகிறது.

ஃபாரோக்கள் காலத்தில் இவ்வூர் ஒரு மாவட்டத் தலைநகராக இருந்தது. அலெக்சாந்தருக்குப் பின் கிரேக்கர் குடியேறினர். ரோமர் ஆட்சியில் இதன் மக்கள்தொகை 15,000 முதல் 30,000 வரை இருந்திருக்கலாம் என்பர். உறுதியான கணக்கு இல்லை.

சாம்பல், வைக்கோல், உடைந்த பானைகள், கிழிந்த கூடைகள், வேண்டாத பாப்பிரஸ் தாள்கள் ஆகியவை ஊர் விளிம்பின் குப்பைமேடுகளில் அடுக்கடுக்காகச் சேர்ந்தன. மழை அரிது, வெள்ளநீரும் மேட்டின் மேற்பகுதியை எட்டாது. அதனால் உலர்ந்த அடுக்குகளில் தாள்கள் மட்காமல் இருந்தன. அடியில் ஈரம் ஏறிய அடுக்குகளில் இருந்தவை அழிந்துபோயின. ரோமர் காலத்து எழுத்துகள் மலைபோல் கிடைத்த ஊரில் அதற்கு முந்தைய தாலமி மன்னர் காலத்து எழுத்துகள் மிகக் குறைவாக இருப்பதற்கு இதுவே காரணமாகக் கூறப்படுகிறது.

ஆக்ஸ்ஃபோர்டு குவீன்ஸ் கல்லூரியைச் சேர்ந்த பெர்னார்டு கிரென்ஃபெல், ஆர்தர் ஹன்ட் ஆகிய இருவரும் எகிப்து ஆய்வு நிதியத்தின் சார்பில் 1896 டிசம்பரில் இங்கு வந்தனர். முதலில் இடுகாட்டைத் தோண்டினர். சில வாரங்கள் உழைத்தும் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் கிடைக்கவில்லை. 1897 ஜனவரி 11 அன்று ஏறத்தாழ 70 ஆட்களுடன் தாழ்வான குப்பைமேடு ஒன்றில் பள்ளம் வெட்டத் தொடங்கினர். இரண்டாம் நாள் கிடைத்த தாள்களைப் பிரித்துக்கொண்டிருந்த ஹன்ட், கசங்கிய ஒரு தாளில் 'துரும்பு' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லைக் கண்டார். அத்தாள் இயேசுவின் மொழிகள் அடங்கிய தொகுப்பின் பகுதியாக இருந்தது. 1945-இல் நாக் ஹம்மாதியில் கோப்திய நூல்கள் கிடைத்த பின்னரே அது தோமாவின் நற்செய்தியைச் சேர்ந்தது என்பது தெளிவாயிற்று. ஹன்ட் அத்தாளைக் கண்டதை அடுத்து மத்தேயு நற்செய்தியின் முதல் அதிகாரம் கொண்ட தாளும் அடையாளம் காணப்பட்டது. ஆட்களின் எண்ணிக்கை 110 ஆக உயர்ந்தது.

ஆண்கள் மண்வெட்டியால் வெட்ட, சிறுவர்கள் கூடையில் மண் சுமந்தனர். தாள் கண்டெடுத்தவருக்குக் கூலிக்கு மேல் இனாம் உண்டு. தாள்கள் மேடு முழுவதும் சிதறிக் கிடக்கவில்லை. படலம் படலமாக ஓடின. சுள்ளியும் வைக்கோலும் கலந்த ஒருவகை மண்ணுக்கு உள்ளூர்த் தொழிலாளர்கள் 'அஃப்ஷ்' என்று பெயர் வைத்திருந்தனர். அந்த மண் தென்பட்டால் தாள் வரும் என்பது அவர்களுக்குத் தெரியும். மண்ணடுக்கைப் படித்து வேலை நடத்தியவர்கள் இவர்களே எனலாம். பின்னர் அச்சேறிய பாப்பிரஸ் தொகுதிகளில் இவர்களின் பங்கு உரிய அளவு தெரியவில்லை.

1897 மார்ச் 18, 19 ஆகிய நாள்களில் பாப்பிரஸ் சுருள்களாலேயே ஆனதுபோன்ற தடித்த அடுக்கு ஒன்று வெளிப்பட்டது. ஊரில் கூடை போதவில்லை. ஒருநாள் மாலையில் மட்டும் 36 கூடைகள் நிரம்பி வந்தன. பழைய அலுவலக ஆவணங்களை யாரோ மொத்தமாகக் கழித்துக் கொட்டிய இடம் அது. இருவரும் 1903-இல் திரும்பி வந்து 1907 வரை தொடர்ந்தனர். மொத்தம் ஆறு பருவங்கள். 1906 ஜனவரி 13 அன்று, பொழுது சாயும் வேளையில், ஏறத்தாழ இரண்டு மீட்டர் ஆழத்தில், யாரோ கூடையோடு கொட்டிய இலக்கியச் சுருள்கள் தென்பட்டன. இருட்டிவிட்டதால் காவல் போட்டுவிட்டுச் சென்றனர். பிண்டாரின் வழிபாட்டுப் பாடல்களும் யூரிப்பிடீசின் ஹிப்சிபிலி நாடகமும் இந்தக் கண்டெடுப்பைச் சேர்ந்தவை.

புகழ்பெற்றவை இலக்கியத் துணுக்குகளே என்றாலும், கிடைத்தவற்றில் பெரும்பகுதி ரசீது, குத்தகைப் பத்திரம், வழக்கு, கடிதம் போன்றவை. தன்னை அலெக்சாந்திரியாவுக்கு அழைத்துப் போகாத தந்தையிடம், இனி உண்ண மாட்டேன், குடிக்க மாட்டேன் என்று பிழை மலிந்த கிரேக்கத்தில் அடம்பிடிக்கும் தியோன் என்ற சிறுவனின் கடிதம் அவற்றுள் ஒன்று. கி.பி. 49-ஆம் ஆண்டு வழக்கு ஒன்று இந்த மேடுகளோடு நெருங்கிய உறவுடையது. பெசூரிஸ் என்பவர் குப்பையில் கிடந்த ஆண் குழந்தையை எடுத்து, சரேயுஸ் என்ற செவிலியிடம் பால் கொடுத்து வளர்க்க ஒப்படைத்தார். அக்குழந்தை இறந்துவிட்டது என்றார் சரேயுஸ். அவரிடம் இருப்பதே தன் குழந்தை என்றார் பெசூரிஸ் தரப்பினர். பிள்ளையின் முகச்சாயல் செவிலியையே ஒத்திருப்பதைக் கண்ட அதிகாரி, குப்பையில் கிடைத்த குழந்தை இறந்ததாகச் செவிலி எழுத்தில் சத்தியம் செய்து, பெற்ற பணத்தையும் திருப்பித் தந்தால் பிள்ளை அவருக்கே என்று தீர்த்தார். இந்த வழக்கின் பதிவும் குப்பையிலேயே வந்து சேர்ந்தது.

அகழாய்வுப் பதிவுதான் இக்கதையின் குறை. தாள்கள் தகரப் பெட்டிகளில் அடைக்கப்பட்டு ஆக்ஸ்ஃபோர்டு சென்றன. துணுக்குகள் ஏறத்தாழ ஐந்து லட்சம் என மதிப்பிடப்படுகிறது. எந்தத் தாள் எந்த மேட்டில், எந்த ஆழத்தில், எதன் அருகில் கிடந்தது என்பது பெரும்பாலும் எழுதப்படவில்லை. மேடுகளை அவர்கள் காலவாரியாகப் பிரித்துக் கண்டது உண்மை: விளிம்பில் இருந்த தாழ்ந்த மேடுகள் முதல் நான்கு நூற்றாண்டுகளுக்கும், ஊரை ஒட்டியவை இடைக்காலத்துக்கும், நடுவில் உள்ளவை பைசாந்தியக் காலத்துக்கும் உரியவை என்றனர். பானை ஓடு, விதை, எலும்பு ஆகியவை தோண்டிய மண்ணோடு போயின. அக்கால வழக்கம் அதுவே என்பர் சிலர். அதே எகிப்தில் தொல்லியலாளர் ஃபிளிண்டர்ஸ் பெட்ரி பானை ஓடுகளைக் கொண்டே காலம் கணிக்கத் தொடங்கியிருந்ததை நினைத்தால் அச்சமாதானம் முழுமையாகாது. ஆக்ஸ்ஃபோர்டு இருப்பெண்களில் பெட்டியின் வரிசையும் பருவமும் பதிந்திருப்பதால், ஒன்றாகக் கிடந்த தாள்களை இன்றைய ஆய்வாளர்கள் அவற்றைக் கொண்டு ஓரளவு மீண்டும் சேர்க்கின்றனர்.

சில கேள்விகள் தீரவில்லை. கிறித்தவத் திருநூல்கள் குப்பைக்கு வந்தது எப்படி என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. கிறித்தவர்களே பழைய படிகளைக் கழித்திருக்கலாம் என்ற வாதம் உண்டு. 413-ஆம் எண் தாளில் உள்ள கிரேக்க நாடகம் இந்தியக் கடற்கரையில் நிகழ்கிறது. அதில் அந்நாட்டார் பேசும் புரியாத சொற்களைக் கன்னடம் என்று 1904-இல் அறிஞர் ஹுல்ட்ஷ் கருதினார், மற்றோர் அறிஞர் பார்னெட் மறுத்தார், பின்னர் துளு என்றும் சொல்லப்பட்டது. வெறும் ஒலிக்கூட்டமாகவும் இருக்கலாம்.

இத்தாலியர்கள் 1910 முதலும், எவாரிஸ்தோ பிரெச்சியாவின் தலைமையில் 1927 முதல் 1934 வரையும் இங்கே தோண்டினர். ஷேக் ஒருவரின் சமாதி இருந்ததால் முன்பு தோண்டியவர்கள் தொடாமல் விட்ட கோம் அலி அல்-கம்மான் மேட்டையும் அவர்கள் வெட்டினர். எஞ்சிய மேடுகளை வயலுக்கு உரமண் அள்ளியவர்கள் கரைத்தனர். 1992 முதல் பார்சிலோனாப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த குழு பணியாற்றுகிறது. அதன் கவனம் பெரிதும் கல்லறைகளிலும் கட்டடங்களிலும் உள்ளது. தாள்களின் பதிப்பு 1898-இல் தொடங்கி 80 தொகுதிகளைக் கடந்தும் தொடர்கிறது. கி.பி. 267-இல் மல்யுத்தத்தில் தோற்பதற்குப் பணம் பேசிய ஒப்பந்தம் 2014-இல்தான் வெளிவந்தது.